மாத்திரையைப் போட்டுவிட்டு வாருங்கள்



ரத்தப் பரிசோதனைச் சீட்டை நான்காக மடித்து, செபப் புத்தகத்துக்குள் ஒளித்துக்கொண்டு கோயிலுக்கு வருபவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தாண்டிவிட்டது. மூன்று மாதச் சராசரி 6.5-க்கு மேல். மருத்துவர் 'சுகர்' என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

அப்படி வருபவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "சாமி, நான் என்ன பாவம் பண்ணினேன்?"

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டு சீடர்களும் இதையேதான் கேட்டார்கள். இவரும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்றார் ஆண்டவர். வாயைக் கட்டாததால் வந்தது என்று உறவுக்காரர்கள் பேசுவார்கள், பேசட்டும். இனிப்பையே தொடாதவருக்கும் இது வருகிறது. பரம்பரை, வயது, உடல் எடை, உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று பலதும் சேர்ந்து, உடலில் சுரக்கும் இன்சுலின் போதாமல் போகிறது, அல்லது சரியாக வேலை செய்யாமல் போகிறது. இதற்குப் பாவசங்கீர்த்தனம் வேண்டாம். மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆனால், அன்பானவர்களே, நம்மில் சிலர் இன்னும் நம்மை நாமே தண்டித்துக்கொள்கிறோமே, ஏன்? பூசைக்கு முன் வாயில் எதுவும் படக்கூடாதென்று காலை மாத்திரையைத் தள்ளிவைக்கிறோம். தவக்காலம் முழுவதும் ஒருவேளைச் சாப்பாடு என்று நேர்ந்துகொள்கிறோம். உங்கள் பக்தி எனக்குப் புரிகிறது. திருச்சபை கேட்பதோ அதைவிட மிகக் குறைவு. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு நோயாளிகளுக்குக் கிடையாது; முதியவர்களுக்கும், அவர்களைக் கவனிப்பவர்களுக்கும்கூடக் கிடையாது. தண்ணீரும் மருந்தும் யாருடைய நோன்பையும் முறிப்பதில்லை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை.

வாழ்ந்தது போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவை நினைத்துப்பாருங்கள். வானதூதர் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்! தூதர் கோபிக்கவில்லை. இரண்டாம் முறையும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னார், நடக்கவேண்டிய வழி நீளம் என்பதற்காக. வேளைக்குச் சாப்பிடுவதும் உங்களுக்கு இப்போது கீழ்ப்படிதல்தான்.

இன்சுலின் ஊசி என்றதும் சிலருக்கு உயிரே போய்விடுகிறது. 1922-க்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் காப்பாற்றிவைக்க முடிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் டொரண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது இறை இரக்கத்தின் வேலையாகவே தெரிகிறது.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருவிழா அசனத்தில் "ஒரு லட்டுதானே" என்று சுகர் உள்ளவரை வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே தன்னோடு போராடித்தான் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

மருந்து எடுப்பவர்கள் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். சில மாத்திரைகளாலும் ஊசியாலும் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும். எழுந்தேற்ற நேரமாயிருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.