ஜன்னலா, அறையா?

காமிரா என்ற சொல்லுக்கு லத்தீனில் அறை என்றுதான் பொருள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் 'காமிரா உள்' என்று ஓர் அறை உண்டு. போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த அதே சொல். அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் குடியிருக்கும் இருட்டறை அது. அறையின் பெயரையே தாங்கிக்கொண்டிருக்கும் கருவிக்கு அறையைப் படம் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது என்பது வேடிக்கை இல்லையா?

அதிலும் ஜன்னலில் வெயில் கொளுத்துகிற அறை என்றால் கேட்கவே வேண்டாம். வெட்டவெளியில் உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதே நேரத்தில் அறையின் உள்மூலையில் 100 இருந்தால் அதிகம். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் படத்தில் விழ வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் கரிக்கட்டை ஆகிவிடுவார். அவருடைய முகம் வேண்டுமென்றால் மரமும் வானமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போகும். இரண்டில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும்.

1835 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஹென்றி பாக்ஸ் டால்பாட் என்பவர் தம்முடைய லேக்காக் அபே மாளிகையின் ஜன்னல் ஒன்றை உள்ளிருந்தபடியே படம் எடுத்தார். இன்று எஞ்சியிருக்கும் நெகடிவ்களில் மிகப் பழையது அதுதான். அதிலுள்ள கண்ணாடிச் சதுரங்களை, சுமார் 200, பூதக்கண்ணாடி வைத்து எண்ணிவிடலாம் என்று குறித்து வைத்திருக்கிறார். சதுரங்கள் இருக்கின்றன. அவர் நின்றிருந்த அறை இல்லை.

கைவிட மனம் வராதவர்களும் சீக்கிரமே வந்து சேர்ந்தார்கள். பிரான்சில் கஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு ஒரு நெகடிவுமாக எடுத்து, ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைபேசி, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பல படங்கள் எடுத்து, கண் இமைப்பதற்குள் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. மரமும் தெரிகிறது, முகமும் தெரிகிறது.

இது பொய்யா? அப்படி எளிதில் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி. நம் கண்ணும் அந்த வேலையைத்தானே செய்கிறது? வெயிலிலிருந்து வீட்டுக்குள் வருகிறோம். நிலைப்படியில் சற்றுத் தடுமாறுகிறோம். பிறகு தூண் தெரிகிறது, ஊஞ்சல் தெரிகிறது, ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவர் தெரிகிறார். எல்லாவற்றையும் மனம் கோத்துக்கொண்டு, 'அறையைப் பார்த்தேன்' என்கிறது. கண் காத்திருந்து பெறுவதைக் கைபேசி இனாமாகக் கொடுக்கிறது.

ஆகவே, வெளிச்சம் யாருக்காக என்று கேட்பதுதான் நியாயம். அடுக்குமாடி வீடு விற்கிறவர்களின் விளம்பரத்தைப் பாருங்கள். பகலிலும் விளக்குப் போட வேண்டிய சமையலறை, படத்தில் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிறது. ஆயுள் முழுதும் கடன் கட்டப்போகிறவன் அந்தப் படத்தை நம்பித்தான் முதலில் வண்டி ஏறுகிறான். இதைப் பொய் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் செய்ததோ வேறு. 1880களின் கடைசியில், ஏழைகள் அடைந்து கிடந்த இருட்டு அறைகளுக்குள் புகுந்து, மக்னீஷியப் பொடியைக் கொளுத்திப் படம் எடுத்தார். ஜன்னல் இல்லாததுதான் அங்கே அக்கிரமம். அந்த இருட்டைக் காட்ட இருட்டையே அழிக்க வேண்டியிருந்தது. 1890இல் அவருடைய புத்தகம் வந்தது. 1901இல் வந்த சட்டம், புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்றது. நல்ல காரியந்தான். ஆனாலும் அந்தப் படங்களில், தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்தவர்களின் கண்களைப் பார்க்கும்போது, இவர்களை யார் கேட்டார்கள் என்று தோன்றாமல் இல்லை.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் அன்றாடம் உண்டு. மூலையில் இருப்பவள் மனசில் விளக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் வாசகருக்குத் திருப்தி. அவளுக்கு?

எங்கள் குடும்பத்தில் ஓர் அத்தைப்பாட்டி இருந்தாள். இருபது வயதுக்குள் கணவனை இழந்தவள். தெரு ஜன்னலுக்கு இரண்டு முழம் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து தெரு முழுவதும் தெரியும். தெருவில் போகிறவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். பகல் வேளையில் ஜன்னலின் குணம் அது. ஊரார் அவளுக்கு விதித்த இருட்டை அவள் தனக்கு ஓர் ஆசனமாக்கிக்கொண்டாள் என்றுகூடச் சொல்வேன். ஊரில் அவளுக்குத் தெரியாத சமாசாரம் கிடையாது.

அவள் அப்படி உட்கார்ந்திருக்கையில் யாரோ எடுத்த பிலிம் படம் ஒன்று இருக்கிறது. முக்காடிட்ட தலையின் விளிம்பு மட்டுமே தெரியும். கறுத்துவிட்டது என்று ஆல்பத்தில் சேர்க்கவில்லை. சென்ற வருஷம் என் தம்பி மகன் அதைக் கணினியில் ஏற்றி வெளிச்சமாக்கினான். புள்ளி புள்ளியாக ஒரு முகம் வந்தது. வீட்டில் எல்லோரும் கூடிவிட்டோம். அழுகிறாள் என்றாள் என் மனைவி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள் என்றான் பையன். சிரிக்கிறாள் என்று இன்னொருவர்.

எனக்குப் பழைய படத்தையே ஒரு பிரதி போட்டுத் தரச் சொன்னேன். அதில் ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் தபால்காரரின் சைக்கிள் தெளிவாக விழுந்திருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.