சமயம் எதுவென வரையறுப்பவர் யார்?

இரத்மலானைத் திருநந்தீஸ்வரத்தைக் கோயிலன்று எனக் கூற எவரும் துணியார். அர்ச்சகரும் பூசையும் திருவிழாவும் உள்ள அத்தலம் சமயத்தின் இருப்பிடமென்பது கண்டவுடன் புலனாகும். மரத்தடியில் நாட்டிய ஒரு சூலத்தை வைரவராகக் கொண்டு ஆண்டுக்கொரு முறை பொங்கிப் படைக்கும் குடும்பத்தின் வழிபாட்டை என்னென்பது? அதற்கு நூலில்லை, நிறுவியவரில்லை, குருபீடமுமில்லை. அதனைச் சமயமென ஏற்பதா, வெறும் வழக்கமெனத் தள்ளுவதா என்னும் வினா சட்டத்தின் வினா மட்டுமன்று, அறத்தின் வினாவுமாகும்.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 9ஆம் உறுப்புரையிற் பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளிக்கின்றது. ஆயினும் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை ஒவ்வோர் ஆளுக்கும் வழங்குகின்றது. அங்கு ‘மதம்’ என்பதோடு ‘நம்பிக்கை’ என்னுஞ் சொல்லும் இடம்பெறுவது கருதத்தக்கது. பதிவேடோ குருமாரோ இல்லாதவனும் அச்சொல்லின் நிழலில் ஒதுங்கலாம். நம்பிக்கையைச் செயலில் வெளிப்படுத்தும் உரிமையோ 14(1)(உ) உறுப்புரைக்குரியது. பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம் முதலியவற்றின் பொருட்டு அதனைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். அகத்திற்கு எல்லையில்லை; புறத்திற்கு உண்டு.

இப்பாகுபாட்டின் பயனை மேனாட்டு வழக்கொன்று தெளிவுறுத்தும். பிரித்தானியாவில் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின்னரே, விக்கா எனப்படும் இயற்கை வழிபாட்டு நெறியினர் வெளிப்படலாயினர். அமெரிக்கச் சிறையொன்றிலிருந்த அந்நெறியினர் ஒருவர், தம் சடங்குக்கு மெழுகுதிரி, சாம்பிராணி, அங்கி முதலியவற்றைக் கோரி வழக்காடினார். 1986இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விக்கா ஒரு சமயமே என ஏற்றது; ஆயினும் சிறைப் பாதுகாப்பைக் காரணங்காட்டி அப்பொருள்களை மறுத்தது. கேட்டது கிடைக்கவில்லையெனினும், ‘உனது சமயம் சமயமன்று’ என்ற இழிவு அவருக்கு நேரவில்லை. மறுப்புக்குரிய காரணம் அதற்குரிய பெயராலேயே கூறப்பட்டது. என் கருத்தில் அத்தீர்ப்பின் சிறப்பு அதுவே.

நம் நாட்டில் இவ்வினா சிலாபத்து முன்னேஸ்வரத்தில் எழுந்தது. அங்குள்ள பத்திரகாளி கோயிலின் ஆடு, கோழிப் பலிக்குத் தமிழர் மட்டுமன்றிச் சிங்களவரும் பெருந்தொகையாக நேர்த்தி வைத்து வந்தவர்கள். 2011இல் அமைச்சரொருவர் தம் ஆட்களுடன் சென்று பலிக்கிருந்த விலங்குகளை அகற்றினார். அது சட்டத்தின் செயலன்று, அதிகாரத்தின் செயல். 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்பலியைத் தடுத்தபோது ஆதாரமாயமைந்தது 1893ஆம் ஆண்டுக் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம். உரிமமின்றி விலங்கைக் கொல்லலாகாது என்பது அதன் விதி. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றமும் இந்துக் கோயில்களிற் பலியைத் தடை செய்து தீர்ப்பளித்தது. தமிழகத்திலோ 1950ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டம் 2003இற் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டு, மக்கள் எதிர்ப்பின் பின் 2004இல் நீக்கப்பட்டது.

பலியை நான் ஆதரிக்கவில்லை. ஆட்டின் துன்பம் மெய்யானது. தெய்வத்தின் பெயரால் அது குறைந்துவிடாது. ஆயினும் தடை கோருவோரின் வாதங்களில் ஆட்டைவிட அதிகமாக ஒலிப்பது ‘தூய சைவத்துக்கு இழுக்கு’ என்னுங் குரலே. ஆறுமுக நாவலர் காலந்தொட்டு நம் சைவ மறுமலர்ச்சி சிறுதெய்வ வழிபாட்டைத் தாழ்வெனவே கருதிவந்துள்ளது. சமயத்துக்குள் சீர்திருத்தம் பேசுவது நாவலரின் உரிமை. அக்கருத்தையே அரசு சட்டமாக்கும்போது, கற்றோரின் சமயம் கல்லாதோரின் சமயத்துக்கு நீதிபதியாகிவிடுகின்றது. அண்ணமாருக்கும் மாடசாமிக்கும் படைப்போர், குடிசன மதிப்பீட்டில் ‘இந்து’ என்ற ஒரே கூட்டிற் சேர்க்கப்படுகின்றனர். அவர்கள் சார்பிற் பேசுவோரோ பெரும்பாலும் அவ்வழிபாட்டை வெறுப்பவர்கள்.

2018இல் அமைச்சரவை அங்கீகரித்த தடை யோசனையும் இந்துக் கோயில்களையே குறித்தது. அறுக்கப்படும் ஆட்டுக்குக் கோயிலென்ன, கடையென்ன? உயிரிரக்கமே நோக்கமாயின் விதி இரண்டிடத்தும் கொலைமுறையைப் பற்றியதாக இருக்கவேண்டும். சுகாதாரமாயின் உரிமத்தைப் பற்றியதாக. நாளை ஒரு கிராமத்துப் பூசாரி எல்லா விதிகளுக்கும் இணங்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தால், கடைக்காரனுக்குக் கொடுத்ததை அவருக்கு மறுக்க அதிகாரி எழுதும் காரணம் யாதாயிருக்கும்?