தாங்குவது தாழ்ந்ததா?

ஒன்றைத் தாங்கி நிற்பது தாங்கப்படுவதைவிடத் தாழ்ந்ததா, உயர்ந்ததா என்னும் கேள்வி சமயத்துக்கும் மெய்யியலுக்கும் பொதுவான பழைய கேள்வியாகும். இறைவனுக்கும் உலகுக்கும், உயிருக்கும் உடலுக்கும், உழைப்பவருக்கும் அவர் உழைப்பில் வாழும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பேசும்போதெல்லாம் அது ஏதோ ஒரு வடிவில் எழுந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய இசைக்கருவிகளுள் அக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புவது பேஸ் கித்தார். நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட இக்கருவி, குழு இசையின் மிகத் தாழ்ந்த சுரங்களை ஒலித்து, மேலே பாடப்படும் பாட்டுக்கு அடித்தளமாகவும் தாளத்துக்குப் பிடிமானமாகவும் நிற்கிறது. அதை வாசிப்பவர் முன்னால் வந்து சோலோ எனப்படும் தனி வாசிப்பை நிகழ்த்தலாமா, அதன் ஒலியைக் காலால் இயக்கும் பெடல்களைக் கொண்டு உருமாற்றலாமா என்று கலைஞர்களும் ரசிகர்களும் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் வாதம் ரசனைச் சண்டையாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது ஆதாரத்தின் இயல்பு என்ன என்பதைப் பற்றிய கருத்து வேறுபாடே.

மேலை மெய்யியலில் இக்கேள்வியை இசையின் வழியாகவே அணுகியவர் ஆர்தர் ஷோப்பன்ஹவர். 1819 என்னும் ஆண்டைத் தாங்கி வெளிவந்த ‘இச்சையாகவும் தோற்றமாகவும் உலகம்’ என்ற பெருநூலில், பிற கலைகள் உலகின் சாயல்களைக் காட்ட, இசை மட்டும் உலகின் உள்ளியக்கமான இச்சையையே நேராக வெளிப்படுத்துகிறது என்று வாதிட்ட அவர், இசையின் அடுக்குகளை இயற்கையின் அடுக்குகளோடு பொருத்திக் காட்டினார். உச்சியில் ஒலிக்கும் மெட்டு மனிதரின் அறிவு வாழ்வுக்கும், இடைநிலைக் குரல்கள் விலங்குக்கும் தாவரத்துக்கும், அடியில் ஒலிக்கும் பேஸ் உயிரற்ற கனிமத் திரளுக்கும் இணையென வைக்கப்பட்டன. அந்தத் திரளிலிருந்தே அனைத்தும் எழுகின்றன என்று அதன் இன்றியமையாமையை ஒப்புக்கொண்டவர், பேஸ் கனத்த நடையில் பெரிய இடைவெளிகளில் மட்டுமே ஏறி இறங்கக் கூடியது என்றும், தாழ்சுரங்களில் விரைவான ஓட்டத்தைக் கற்பனைகூடச் செய்ய இயலாது என்றும் எழுதினார். இது வெறும் இசை இலக்கணக் குறிப்பன்று. தாங்குவது எதுவோ அது அசையாது, அசையாததால் அது இருப்பின் ஏணியில் கடைசிப் படி என்னும் தீர்ப்பு இதில் அடங்கியிருக்கிறது. பேஸ் வாசிப்பவருக்குச் சோலோ எதற்கு என்று இன்று கேட்பவர்கள், ஷோப்பன்ஹவரைப் படித்திராவிட்டாலும், அவர் சாத்திய ஏணியை ஏற்றுக்கொண்டவர்களே.

அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வதால், ஒரே ஓர் அதிர்வு முடியவே 24 மில்லி விநாடி ஆகிறது. சாதாரணக் கித்தாரின் மிக மெல்லிய தந்திக்கோ 3 மில்லி விநாடி போதும். ஒரு சுரத்தை இனங்காணச் செவிக்குச் சில அதிர்வுகளாவது வேண்டும் என்பதால், தாழ்சுரங்களை அளவுமீறி விரைவாக அடுக்கினால் அவை ஒன்றோடொன்று கலங்கிப்போகும். ஆனால் கடினம் என்பது வேறு, இயலாது என்பது வேறு. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808-இல் வியன்னாவில் அரங்கேறியபோதே, அதன் மூன்றாம் பகுதியின் நடுவில் விரைந்தோடும் ஒரு தொடரைச் செல்லோக்களும், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸ்களும்தாம் தொடங்கிவைத்தன. மெய்யியலாளர் மறுத்ததற்குச் சான்று அவர் நூலுக்கு முன்பே அரங்கில் ஒலித்துவிட்டது.

1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது நிலைமை மேலும் மாறியது. தோளில் மாட்டிக்கொள்ளும் அளவும், விரல் வைக்க வேண்டிய இடத்தைத் திட்டமாகக் காட்டும் ஃபிரெட் கம்பிகளும், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பும் சேர்ந்து, தாழ்சுரத்தைத் தெளிவாகவும் விரைவாகவும் ஒலிக்கும் வழியைத் திறந்தன. கால் நூற்றாண்டுக்குப் பின், 1976-இல், பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் முதல் ஆல்பத்தின் முதல் உருப்படியாக ‘டோனா லீ’யை எடுத்துக்கொண்டார். ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் குழு 1947-இல் சாக்ஸபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் உரிய மெட்டாகப் பதிவுசெய்திருந்த, மூச்சுவிட இடந்தராத அந்த உருப்படியை, ஃபிரெட் கம்பிகள் நீக்கப்பட்டுப் படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸி பூசிய பேஸில், டான் அலையாஸின் காங்கோ முழவுகள் மட்டும் துணைநிற்க, அவர் முழுமையாக வாசித்தார்.

அந்தப் பதிவில் உற்றுக் கேட்க வேண்டியது அதன் வேகம் மட்டுமன்று. பியானோ இல்லை, சுரக்கூட்டுகளை ஒலிக்கக் கித்தார் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, அடியில் வேறொரு பேஸ் இல்லை. தாங்கவேண்டியவர் மேலே சென்றுவிட்டதால் அவருடைய இடம் காலியாக இருக்கிறது. ஆயினும் இசை சரிந்துவிடவில்லை. பாஸ்டோரியஸ் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு சுரமும் தனக்கு அடியில் எந்தச் சுரக்கூட்டு இருக்க வேண்டும் என்பதைச் சுட்டிச் செல்வதால், கேட்பவரின் மனம் ஒலிக்காத அந்த அடித்தளத்தைத் தானே அமைத்துக்கொள்கிறது.

மனம் இவ்வாறு இல்லாத அடியை நிரப்பிக்கொள்வது ஒலியியல் நன்கறிந்த ஒன்று. எந்தச் சுரமும் ஒற்றை அதிர்வெண்ணால் ஆனதன்று. 41 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தி, அந்த அடிப்படை அதிர்வோடு அதன் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸ் முதலிய மேற்சுரங்களையும் சேர்த்தே ஒலிக்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது; எனினும் மேற்சுரங்களுக்கிடையே உள்ள சம இடைவெளியைக் கொண்டு மூளை அடிப்படைச் சுரத்தை ஊகித்து, அதையே கேட்டதாக உணர்கிறது. காற்றில் இல்லாத ஒன்று அனுபவத்தில் உறுதியாக இருக்கிறது. ஆதாரம் என்பது அடியில் கிடக்கும் ஒரு பொருள் என்ற ஷோப்பன்ஹவரின் படிமம் இங்கேதான் தளர்கிறது. ஆதாரம் ஒரு பொருளாகவோ ஓர் இடமாகவோ இருந்தால், அதை அகற்றியதும் அது இல்லாமற்போக வேண்டும். அகற்றிய பிறகும் அது கேட்கிறது என்றால், அதை ஓர் உறவாகவே கொள்ள வேண்டும்.

பெடல்களைப் பற்றிய சர்ச்சையையும் இந்த வெளிச்சத்தில் பார்ப்பது பயனுடையது. கருவிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே இணைக்கப்பட்டு மின்குறிப்பை மாற்றியமைக்கும் சிறு பெட்டியே பெடல். அவற்றுள் கம்ப்ரெஸர் என்பது ஓங்கிய ஒலியைத் தணித்து மெல்லிய ஒலியை எடுத்து நிறுத்தி ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. ஆக்டேவர் ஒரு ஸ்தாயி தாழ்ந்த சுரத்தைச் சேர்ப்பது. ஃபஸ் என்பது அலைவடிவின் முகடுகளை வெட்டித் தட்டையாக்கி, மூலத்தில் இல்லாத மேற்சுரங்களை ஏராளமாகப் பெருக்குவது. தாழ்சுரக் கருவிக்கு ஃபஸ் அந்நியம் என்று கருதுவோர் அதன் பிறப்பை மறந்துவிடுகிறார்கள். 1960-இல் நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாடல் பதிவானபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸின் ஒலி பழுதடைந்த கலவைமேசை வழியாகக் கரகரத்து வந்தது; அதை அழிக்காமல் விட்டார்கள். பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை வேண்டும்போது உண்டாக்கும் மின்சுற்றை வடிவமைக்க, அது 1962-இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று சந்தைக்கு வந்தது. பின்னாளில் மின்கித்தாரின் அடையாளமாகிவிட்ட அந்தக் கரகரப்பு, முதலில் ஒரு தாழ்சுரக் கருவியின் குரலாகவே கேட்டது.

ஆயினும் ஃபஸ்ஸைப் பேஸோடு இணைப்பவர் ஒரு சிக்கலை எதிர்கொள்கிறார். தனி அறையில் தானே வாசித்துக் கேட்கும்போது மலைபோல் நிற்கும் அந்த ஒலி, டிரம்ஸும் இரண்டு கித்தார்களும் சேர்ந்ததும் திடீரென்று மெலிந்துவிடுகிறது. மேற்சுரங்கள் பெருகப் பெருக அடிப்படைச் சுரத்தின் பங்கு குறைந்து, பேஸின் இரைச்சல் கித்தார்களின் இரைச்சலோடு கலந்து, கீழே பள்ளம் விழுகிறது. இதற்காகவே பேஸுக்கென்று செய்யப்படும் ஃபஸ் பெடல்கள் பலவற்றில் ‘பிளெண்ட்’ என்ற ஒரு திருகு வைக்கப்படுகிறது. மாற்றப்படாத தெளிந்த ஒலியையும் மாற்றப்பட்ட ஒலியையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. பீட்டில்ஸ் குழுவினர் இதே தீர்வை அத்தகைய பெடல்கள் வருவதற்கு முன்பே கண்டுகொண்டார்கள்: 1965-இல் வெளிவந்த ‘திங்க் ஃபார் யுவர்செல்ஃப்’ பாடலில் பால் மெக்கார்ட்னி ஃபஸ்ஸின் வழியே ஒரு பேஸ் வரியை வாசித்திருக்க, அதன் அடியில் சாதாரண பேஸ் வரியும் தனியே ஒலிக்கிறது. எந்தப் பெடலை வாங்குவது என்று பல மாதம் ஆராய்பவரைப் பொருளாசை பிடித்தவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தத் திருகை எங்கே நிறுத்துவது என்று ஒருவர் காதுகொடுத்துத் தேடும்போது, உருமாறியும் தாங்குவது எப்படி என்ற கேள்விக்கே விடை தேடுகிறார், அத்தேடல் மதிக்கத்தக்கது.

உருமாற்றமும் தாங்குதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை விளக்க, ஷோப்பன்ஹவருடையதற்கு நேரெதிரான ஏணியை வைத்திருக்கும் ஒரு மெய்யியல் உதவுகிறது. இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் உடல் என்பதை வரையறுக்கும்போது, ஓர் உயிர் தன் பயனுக்காகத் தாங்கவும் கட்டுப்படுத்தவும் கூடியதாய், அவ்வுயிருக்கே உரியதாய் இருப்பது எதுவோ அதுவே அதன் உடல் என்கிறார்; உலகம் முழுவதும் இவ்வகையில் இறைவனுக்கு உடல். இங்கே தாங்குவதாகிய ஆதாரம் உயர்ந்தது, தாங்கப்படுவதாகிய ஆதேயம் அதைச் சார்ந்தது. கண்ணுக்குத் தெரிவது உடல், தெரியாமல் நின்று தாங்குவது உயிர். பேஸ் வாசிப்பு இந்த வரையறையின் முதலிரண்டு உறுப்புகளுக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. அது தாங்குவதோடு நில்லாமல் கட்டுப்படுத்தவும் செய்கிறது: கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இரு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கையில் உயர்சுரம் முந்தி வருவதைவிடத் தாழ்சுரம் முந்தி வருவதை மூளை கூர்மையாகக் கண்டுகொள்வதும், தாளமிடும் விரல் தாழ்சுரத்தைப் பின்பற்றியே தன்னைத் திருத்திக்கொள்வதும் தெரியவந்தன. காலத்தைப் பிடித்திருப்பது அடிக்குரலே.

ஆனால் மூன்றாம் உறுப்பில் பொருத்தம் முறிகிறது. இராமானுசரின் அமைப்பில் தாங்கப்படுவது தாங்குவதன் பயனுக்காக இருக்கிறது; இசையிலோ தாங்கும் பேஸ்தான் பாட்டுக்காக இருக்கிறது. தாங்குபவனாகவும் தொண்டனாகவும் ஒருங்கே இருப்பதற்கு வைணவ மரபு காட்டும் உருவம் இறைவனன்று, ஆதிசேஷன். உலகைத் தலைமேல் சுமப்பதாகவும், இறைவனுக்கு அணையாவதாகவும் சொல்லப்படும் அவன், இறைவன் நடக்கையில் குடையாகவும் அமர்கையில் இருக்கையாகவும் நிற்கையில் பாதுகையாகவும் மாறுவதாக அம்மரபு போற்றுகிறது. எந்தக் கணத்தில் எந்த வடிவம் தேவையோ அந்த வடிவம் எடுப்பதே அங்கு தொண்டின் இலக்கணம். இந்த நோக்கில், பேஸின் ஒலி ஒருபோதும் மாறலாகாது என்று விதிப்பவர் தொண்டை அசைவின்மையோடு குழப்பிக்கொள்கிறார்.

மாறியும் தாங்கலாம் என்பதற்குப் பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸின் வாசிப்பு நல்ல சான்று. விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலியின் வாய் திறந்து மூடுவதுபோல் கேட்கச் செய்யும் ‘மியூ-ட்ரான்’ பெடலைக் கொண்டு, பேஸைப் பேசும் குரலாக அவர் ஆக்கினார். ஆனால் 1970-இல் பாடகர் ஜேம்ஸ் பிரௌனின் குழுவில் சேர்ந்தபோது கற்ற முதல் பாடமான, ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடியைத் தவறாமல் ஊன்றுவது என்பதை அவர் கைவிடவில்லை. மெட்டாலிகா ராக் குழுவின் முதல் ஆல்பத்தில், 1983-இல், கிளிஃப் பர்ட்டன் வாசித்த ‘அனஸ்தீசியா’ சோலோவின் முற்பகுதியும் வெறும் ஆரவாரமன்று. சிதைந்த ஒலியினூடே சுரக்கூட்டுகளைப் பிரித்துப் பிரித்து அவர் விரிப்பதால், துணையேதுமின்றியே இசையின் கட்டடம் நிற்கிறது. மாறாக, வாசிப்பவரின் விரல்வேகத்தை மட்டும் காட்டிவிட்டு, அடியில் எது இருந்தது என்ற நினைவையே கேட்பவரிடமிருந்து துடைத்துவிடும் சோலோக்களும் நிறைய உண்டு. அவற்றைக் குறைகூறுவோர் பக்கம் நியாயம் இருக்கிறது. முன்னால் வந்தது அவற்றின் குற்றமன்று, சுமையைக் கீழே போட்டுவிட்டு வந்ததே குற்றம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று எஞ்சுகிறது. தொண்டும் தன்னை மறைத்துக்கொள்வதும் விரும்பி ஏற்கும்போதே அறமாகின்றன. பிறர் சுமத்தும் மறைவுக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் ஒலிப்பதிவுக்கூடத்தில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பெடலும் இன்றி, சோலோவும் இன்றி, மாற்றாமல் வைத்திருந்த பழந்தந்திகளை வலக்கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டி, 1960-களின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு அடித்தளம் அமைத்தார். அந்த அடித்தளம் ஷோப்பன்ஹவர் வருணித்த கனிமத் திரளாக ஒருபோதும் இருந்ததில்லை. பாடகரின் சொற்களுக்கிடையே நுழைந்து, எதிர்பாராத சுரத்தில் கால்வைத்து, அடி பிசகாமல் திரும்பிவந்த அது, பாட்டினுள்ளேயே இன்னொரு பாட்டாக ஓடியது. ஆனால் அக்கூடத்து இசைக்கலைஞர்களின் பெயர்களை உறைகளில் அச்சிடும் வழக்கம் நிறுவனத்துக்கு இல்லாததால், கோடிக்கணக்கானோர் அவர் வாசிப்புக்கு ஆடியும் அவர் யாரென்று அறியாதிருந்தார்கள். 1971-இல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தின் உறையில்தான் அவர் பெயர் பாராட்டோடு இடம்பெற்றது. ஜேமர்சன் 1983-இல் காலமானார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2000-ஆம் ஆண்டில் அவரைச் சேர்த்துக்கொண்டது. பக்கவாத்தியக்காரர்களுக்கென்று அந்த ஆண்டு புதிதாக ஒரு பிரிவை ஏற்படுத்தி, அதில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.