அலையில்லாத நேர்மை

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கடல் குளத்து நீர்போல் கிடக்கிறது. குழந்தைகள் இடுப்பளவு நீரில் பயமின்றி நிற்கிறார்கள். பாக் ஜலசந்திப் பக்கத்துக்கு உள்ளூரில் பெண் கடல் என்று பெயர்; தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல்.

இந்த அமைதியைச் சுபாவம் என்று எடுத்துக்கொள்வது எளிது. உண்மையில் இங்கே ஆழம் குறைவு. வங்கக் கடலின் பேரலைகளை எதிரே இலங்கை மறித்து நிற்கிறது. குணமல்ல, அமைவிடம். அந்தக் காப்பு போதாமல் போன இரவும் உண்டு. 1964 டிசம்பர் 22 புயலில், இதே தீவின் முனையில் தனுஷ்கோடி அழிந்தது; நூறு பேருக்கு மேல் இருந்த ரயிலும் போயிற்று.

அன்னூரில் நான் வங்கிக் குமாஸ்தா. வறண்ட கிணற்றில் தண்ணீர் இருப்பதாகச் சொல்லிக் கடன் கேட்ட ஒரு விவசாயியைப் பொய்யன் என்று மனதில் எழுதிவைத்திருந்தேன். நான் பொய் சொல்வதில்லை. சொல்லும் அவசியம் எனக்கு என்றைக்கு வந்தது? மாதாமாதம் சம்பளம் வந்துவிடுகிறது. என் கிணறு வற்றுவதில்லை.

அப்படியானால் என் நேர்மை போலியா? அதுவும் இல்லை. இந்த நீரில் குழந்தைகள் நீந்தக் கற்பது நிஜம். சோதிக்கப்படாததால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் சோதனையில் நிற்பவனை எடைபோடும் தகுதி அதற்குக் கிடையாது.

அவர் சொன்னது பொய்தான். கிணறு வறண்டது என்று நான் குறித்தாக வேண்டும். மனிதரைக் குறிக்க அந்தப் படிவத்தில் இடமில்லை. நானாகத்தான் எழுதிக்கொண்டேன்.