சூரனை என்ன செய்வது?

கந்தசட்டி சிட்னிக்கு வசந்த காலத்தில் வரும். நியூ சவுத் வேல்ஸில் கோதுமைக் கதிர் முற்றுகிற பருவம் அது. மாலையில் மேஸ் ஹில் முருகன் கோயிலில் சூரன் தலை மாற்றி மாற்றி ஆடுவான். பகலில் நான் கொபிட்டியில், சிட்னி பல்கலைக்கழகத்தின் பயிர் ஆய்வு நிலையத்தில், கோதுமையில் ஏறிய துருநோயைப் பார்த்துப் பதிகிறவன். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் மனம் சும்மா கிடக்காது.

துரு ஏறிய இலையைத் தடவினால் விரலில் செங்கல்பொடி மாதிரி ஒட்டும். எதிர்ப்புச் சக்தியுள்ள நாற்றில் பொடியே இராது. விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளிகள் தெரியும். பதிவேட்டில் அதற்கு அரைப்புள்ளிதான் குறி. ஒவ்வொரு புள்ளியும் செத்த செல்களின் இடம். துரு உள்ளே அனுப்பும் புரதத்தைச் செல்லின் காவல் புரதம் இனங்கண்டதும், ஐந்து காவல் புரதங்கள் வளையமாகச் சேர்ந்து சவ்வில் துளையிடும். கால்சியம் உள்ளே பாயும், செல் தன்னை மாய்த்துக்கொள்ளும். உயிருள்ள செல்லில் மட்டுமே உண்ணத் தெரிந்த துரு அங்கேயே பட்டினியால் மடியும். சம்ஹாரம் என்றால் இதுதான்.

ஆனால் இந்த வெற்றி நிலைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 1938இல் வெளியான யுரேகா ரகத்தை எஸ்ஆர்6 என்ற மரபணு காத்தது. 1942இல் அதை மீறிய துரு வந்துவிட்டது. காவல் தேடுகிற அடையாளத்தை மாற்றிக்கொண்டால் போதும், தப்பிய ஒன்றுக்கு வயல் முழுதும் சொந்தம். 1998இல் உகாண்டாவில் கண்ட யுஜி99 என்ற துரு இனம் எஸ்ஆர்31 மரபணுவைத் தாண்டியது. அதைத் தடுக்கும் எஸ்ஆர்33ஐ 2013இல் பிரித்தெடுத்த ஆய்வுக் கட்டுரையில் முதற்பெயர் சாம்பசிவம் பெரியண்ணன். தமிழ்ப் பெயரைக் கண்டதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை, மறைப்பானேன்.

எல்ஆர்34 என்ற மரபணு வேறு மாதிரி. வளர்ந்த பயிரில்தான் அதன் வேலை. துருவின் அடையாளத்தைத் தேடாது, செல்லையும் பலி கேட்காது. துரு வரும், பிந்தி வரும், கொப்புளம் சிறுத்து வரும். பயிரும் விலை கொடுக்கிறது, இலைநுனி காய்ந்துபோகும். ஆனால் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் விதைத்தும் அது இன்னும் தோற்கவில்லை. துருவை வாழவிடுவதால், மாறியே தீரவேண்டிய நெருக்கடி அதற்கு இல்லை என்பது ஒரு விளக்கம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் சொன்னவர் என் அப்பப்பா. மாமரமாய் நின்ற சூரனை வேல் பிளந்து சேவலும் மயிலும் ஆக்கிய இடம் வந்தால், அவர் நேரே சித்தாந்தத்துக்குப் போய்விடுவார். சூரன் ஆணவமலம். மலம் அநாதி. முத்தியிலும் அது இல்லாமற் போவதில்லை, அதன் சக்தி அடங்கிக் கிடக்கும், அவ்வளவே. சிறுவயதில் எனக்கு அது பெரிய ஏமாற்றம். அதை ஒழிக்கக் கடவுளால் முடியாதா என்ன? இன்று எல்ஆர்34 பாத்தியில் நிற்கும்போது, அந்த அடக்கம் ஒரு தோல்வியாக எனக்குப் படுவதில்லை.

மெல்பேர்னில் பண்டூராவில் தாவரவியல் படிக்கும் மருமகள் விடமாட்டாள். "மாமா, சூரன் மயிலாகி வாகனமானான். துருவுக்கு என்ன கிடைக்குது?" நியாயமான கேள்வி. தண்டித்து ஆட்கொள்ளும் மறக்கருணை என்றால் கருணை காட்ட ஒருவன் வேண்டும். எல்ஆர்34 ஏதோவொரு அமிலத்தைச் சவ்வுக்கு அப்பால் கடத்துகிற புரதம். அதற்குக் கருணையும் இல்லை, கோபமும் இல்லை. 1973இல் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் தண்டுத்துருவுக்கு விளைச்சலைப் பறிகொடுத்த விவசாயியிடம் போய், "கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. தீமையை வேரறுத்துத் தா என்று கடவுளிடம் கேட்கிறோமே, அந்த வேண்டுதலைப் பற்றித்தான் என் சந்தேகம்.

2021இல் கான்பராவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் ஐந்து மரபணுக்களை ஒரே அடுக்காகக் கோதுமையில் சேர்த்ததை வெளியிட்டார்கள். நான்கு கொல்லும் வகை. ஐந்தாவது, எஸ்ஆர்55, மெல்ல அடக்கும் வகை. செய்தியை மருமகளுக்கு அனுப்பினேன்.

"நாலும் கொன்ற பிறகு அஞ்சாவதுக்கு என்ன வேலை எண்டு சொல்லுறியள்?"

"நாலும் ஏமாறுற நாளுக்குத்தான்."

"அப்பிடி ஒரு நாள் வருமோ?"

"யுரேகாவுக்கு நாலு வருசத்தில வந்தது, பிள்ளை."