ஒரு கரண்டி கடலை வெண்ணெய்

நெதர்லாந்து நாட்டு வீடுகளில் நாசி கோரெங் எனப்படும் வறுத்த சோறும், சாத்தே எனப்படும் குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியும் அயல்நாட்டு உணவாக இன்று எண்ணப்படுவதில்லை. 1945இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்து, 1949 டிசம்பரில் டச்சு அரசு அதை ஏற்றுக்கொண்ட காலத்தையொட்டி, அத்தீவுகளிலிருந்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் அங்கே குடியேறியதே இதற்குப் பெருங்காரணம். 1972இல் இந்தோனேசியா தன் எழுத்துமுறையைத் திருத்திய பின்னும், கெச்சாப் என்னும் இனிப்புச் சோயா சாஸின் பெயர் டச்சுப் புட்டிகளில் பழைய எழுத்துக்கூட்டலிலேயே அச்சாகிறது.

இக்கட்டுரைக்குக் காரணமானது அப்படியொரு சமையலறையில், லெய்டன் நகரில், ஒரு மாலை நிகழ்ந்த சிறு செயல். சாத்தேக்கான கடலைக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த டச்சு மூதாட்டி, கடலை வெண்ணெயை ஒரு கரண்டி எடுத்துச் சட்டிக்கு மேலே நிறுத்தி, அருகில் நின்ற விருந்தினரிடம், அதாவது இக்கட்டுரையாளரிடம், மன்னிப்புக் கேட்டார். “பரவாயில்லை” என்று விடை வந்த பிறகே கரண்டி சட்டிக்குள் இறங்கியது.

மன்னிப்பின் பொருள் விளங்காமலில்லை. கடலையை வறுத்து, மிளகாயும் பூண்டும் பனைவெல்லமும் சேர்த்துக் கல்லில் அரைப்பதே ஜாவாவின் முறையாதலால், புட்டிக் கடலை வெண்ணெய் அதற்குக் குறுக்குவழிதான். ஆனால் கேட்கப்பட்டவர் தமிழர். ஜாவாக்காரரின் குழம்புக்காகத் தமிழரிடம் கேட்ட மன்னிப்பை, ஆசியா என்னும் அகன்ற சொல்லின் நிழலில் நின்றுகொண்டு, அவர் எந்த உரிமையில் ஏற்றார் என்பதுதான் உறுத்துகிறது.

கட்டுரையாளரின் இளமை கழிந்த தென்னார்க்காட்டில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் மருவு அது. தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர், பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைத் தாங்கித் தமிழ் ஊர்களில் விளைந்தது. கார்த்திகையில் அதை வேகவைத்த பாட்டி எவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஜாவாவுக்கும் கடலை வந்தேறிதான், மிளகாயும் அப்படியே. எல்லாமே கடன் என்று இங்கே வாதத்தை முடித்துக்கொள்வது எளிது. சற்று மிகையான எளிமை அது. ரைஸ்ட்டாஃபல், அதாவது ‘சோற்று மேசை’, என்று டச்சுக்காரர் பெயரிட்ட விருந்து, காலனிய வீடுகளில் பணியாட்கள் வரிசையாக நின்று பல கிண்ணங்களைப் பரிமாறிய வழக்கத்தில் வளர்ந்தது. வணிகத்தின் வழியே வந்த கொட்டையையும் ஆட்சியின் வழியே வந்த விருந்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. அந்த மன்னிப்பு அவ்வரிசையில் நின்றவர்களுக்குச் சேரவேண்டியதாக இருக்கலாம்.

ஆயினும் உணவின்போது தெரியவந்த ஒரு செய்தி இதையும் கலைத்தது. அக்குழம்பை மூதாட்டிக்குக் கற்றுத்தந்தவர் ஜாவாவிலிருந்து வந்து அண்டை வீட்டில் வாழ்ந்த பெண்மணி. அவரே கடலை வெண்ணெயைத்தான் பயன்படுத்தினாராம். ஊர்விட்டு வந்தவர் கிடைத்ததைக் கொண்டு சமைத்த முறை அது. அப்படியானால் கரண்டி நின்ற அந்தக் கணத்தில் தவறு எங்கே இருந்தது? கல்லில் அரைத்திருந்தால் அண்டை வீட்டாரின் கைமுறை மறைந்திருக்கும். அரைக்காததால் ஜாவா மறைந்ததாக மூதாட்டி அஞ்சினார்.

அடுப்பருகே இருந்த ஒரு புட்டியில் ‘கெத்தும்பார்’ என்று எழுதியிருந்தது. தமிழின் கொத்தமல்லியோடும் வடமொழியின் குஸ்தும்பரியோடும் உறவுடைய மலாய்ச் சொல், டச்சு எழுத்தில் அங்கே நின்றது. அதைப் படித்தபோது, விருந்தினர் முற்றிலும் அயலார் அல்லர் என்ற எண்ணம் சிறிது நேரம் ஆறுதலளித்தது. ஒரு சொல்லின் உறவு மன்னிப்பை ஏற்கும் தகுதியைத் தருமா என்று கேட்டால், தராது என்றே தோன்றுகிறது. இருப்பினும், குழம்பு கொதிக்க, கரண்டியோடு ஒருவர் காத்து நிற்கையில், “பரவாயில்லை” என்பதற்கு மாறாக எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது கட்டுரையாளருக்கு இதுவரை பிடிபடவில்லை.