மறு கன்னம் யாருடையது?



ஜெபத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "பாஸ்டர், அடிச்சா வாங்கிக்கிட்டேதான் இருக்கணுமா?" அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற வாலிபன் கேட்கிறான். பூந்தமல்லி ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிற சகோதரன் கேட்கிறார். குடித்துவிட்டு வருகிற புருஷனிடம் அடி வாங்குகிற சகோதரி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறாள். கேள்வி ஒன்றுதான். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட முடியுமா? இதைத்தான் இந்த மாதம் வேதத்தின் வெளிச்சத்தில் தியானிக்கப்போகிறோம்.

மத்தேயு 5-ம் அதிகாரம் 39-ம் வசனத்தை நாம் எல்லாரும் அறிவோம். வலது கன்னத்தில் அறைகிறவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக் கொடுக்கும்படி ஆண்டவர் போதித்தார். இங்கே "வலது" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். எதிரே நிற்கிறவன் வலது கையால் உங்கள் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். அது அவமானப்படுத்துகிற அடி. எஜமான் அடிமைக்குக் கொடுக்கிற அடி. அப்படி அடிபட்டவன் என்ன செய்வான்? ஒன்று, தலை குனிந்து போவான். இல்லையென்றால் திருப்பி அடிப்பான். ஆண்டவரோ மூன்றாவது வழியைக் காட்டுகிறார். ஓடாதே, அடிக்கவும் செய்யாதே, நிமிர்ந்து நில் என்கிறார். உன்னைப் போல நானும் தேவசாயலில் உண்டானவன் என்று அவனுக்குக் காட்டச் சொல்லுகிறார்.

அவரே அதைச் செய்தும் காட்டினார். பிரதான ஆசாரியனுக்கு முன்பாக ஒரு சேவகன் அவரை அறைந்தபோது (யோவான் 18:22,23) அவர் திருப்பி அடிக்கவில்லை. வாய் மூடிக்கொண்டும் இருக்கவில்லை. நான் தப்பாய்ப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாய்ப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று முகத்துக்கு நேரே நியாயம் கேட்டார். அருமையானவர்களே, கிறிஸ்துவின் சாந்தம் ஊமைச் சாந்தம் அல்ல. அவர் கையை அடக்கினார், சத்தியத்தை அடக்கவில்லை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதால்தான் சபைக்குள்ளே அநேகர் கஷ்டப்படுகிறார்கள்.

அடுத்து ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். என் கன்னத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. அது என்னுடைய கன்னம். அடுத்தவருடைய கன்னத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அடி வாங்காதவன், அடி வாங்குகிறவளைப் பார்த்து "பொறுத்துப் போம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்வது பொறுமை அல்ல. அடுத்தவள் முதுகில் நாம் சுமத்துகிற சிலுவை அது. பரிசேயர் சுமக்கக்கூடாத பாரங்களைக் கட்டி ஜனங்கள் தோளில் வைத்துவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் அதைத் தொடவில்லையே (மத்தேயு 23:4), அதே கதைதான்.

ஆகவே வீட்டில் அடி வாங்குகிற சகோதரிக்கு முதலில் சொல்லுகிறேன். புருஷனை மன்னிப்பது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவே உள்ள காரியம். அவன் கை ஓங்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வருவது பாவமல்ல. தாவீது சவுலை மன்னித்தான். அவன் சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துவிட்டு அவனைப் பிழைக்க விட்டான் (1 சாமுவேல் 24). ஆனாலும் சவுலின் ஈட்டி பறந்தபோது விலகி ஓடினானே தவிர, அங்கேயே நின்று மார்பைக் காட்டவில்லை. 2005-ல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. 181 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். அதிகாரத்தில் இருக்கிறவர்களைத் தீமை செய்கிறவனுக்குப் பயமுண்டாக்கத் தேவன் வைத்திருக்கிறார் என்று ரோமர் 13-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தேவன் வைத்த கதவைத் தட்டுவது விசுவாசக் குறைச்சல் ஆகாது.

"அப்படின்னா மன்னிப்புக்கு என்ன அர்த்தம் பாஸ்டர்? போலீஸ்க்கும் போவேன், மன்னிச்சேன்னும் சொல்வேன்னா அது பொய்யில்லையா?" என்று கேட்பீர்கள். இதற்கு நம்முடைய தேசத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து 1965-ல் இந்தியாவுக்கு வந்தார். ஒரிசாவில் மயூர்பஞ்ச் மாவட்டம் பாரிபதாவில் குஷ்டரோகிகள் மத்தியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்தார். 1999 ஜனவரி 22-ம் தேதி இரவு, கியோஞ்சர் மாவட்டத்தில் மனோகர்பூர் என்ற கிராமத்தில் தன் இரண்டு மகன்களோடு வண்டிக்குள் படுத்திருந்தார். பிலிப்புக்கு வயது 10, திமோத்திக்கு வயது 6. நள்ளிரவு தாண்டி ஒரு கும்பல் வந்து வண்டிக்குத் தீ வைத்தது. மூன்று பேரும் உயிரோடே எரிந்து மாண்டார்கள்.

அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையாருக்கு மீதியிருந்தது எஸ்தர் என்ற ஒரே மகள். அந்த அம்மா உலகத்துக்கு முன்பாக, கொன்றவர்களைத் தான் மன்னிப்பதாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு மறு விமானத்தில் ஊருக்குப் போய்விடவில்லை. அதே பாரிபதாவில், அதே குஷ்டரோகிகள் நடுவில் 2004 வரை ஊழியம் செய்தார்கள். புருஷனுடைய பெயரில் அங்கே ஒரு ஆஸ்பத்திரியும் எழும்பியது. 2005-ல் இந்திய அரசாங்கம் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்து கனம்பண்ணியது.

இன்னொரு பக்கத்தில் சட்டம் தன் வேலையைச் செய்தது. சி.பி.ஐ. விசாரித்தது. 2003-ல் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2005-ல் ஒரிசா உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக மாற்றியது. 2011-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னிப்பு வேறு, குற்றத்துக்கு வருகிற விளைவு வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்பதுதான் கிளாடிஸ் அம்மையார் எடுத்துச் சொன்ன கருத்து. பார்த்தீர்களா? மன்னிப்பு என்பது பழிவாங்குகிற உரிமையை என் கையிலிருந்து எடுத்துக் கர்த்தருடைய கையில் வைப்பது. நடந்ததை நடக்கவில்லை என்று சாதிப்பது மன்னிப்பு ஆகாது. நாளைக்கு இன்னொரு வண்டி எரியாதபடி தடுக்கிறது சட்டத்தின் வேலை. என் இருதயம் எரிந்து சாம்பலாகாதபடி காக்கிறது மன்னிப்பின் வேலை. இரண்டும் வேண்டும்.

சரி, அது பெரிய காரியம். நம்ம தெருவுக்கு வருவோம். கோடையில் தண்ணி லாரி வந்தால் என்ன நடக்கிறது? குடம் முன்னே பின்னே போனதற்காக இரண்டு வீட்டுக்கு நடுவே ஆறு மாசம் பேச்சு இருக்காது. வண்டி லேசாக உரசினால் இறங்கி சட்டையைப் பிடிக்கிறோம். அன்றைக்கு ஈசாக்குக்கும் தண்ணீர்ச் சண்டைதான் (ஆதியாகமம் 26). அவன் தோண்டின கிணற்றைக் கேராரூர் மேய்ப்பர் தங்களுடையது என்றார்கள். விட்டுக்கொடுத்தான். இரண்டாவது கிணற்றுக்கும் வந்தார்கள். அதையும் விட்டான். மூன்றாவது கிணற்றுக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பேரிட்டான்.

ஈசாக்கு பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள். 16-ம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். அவன் தங்களைவிட மிகவும் பலத்தவன் என்று ராஜாவே ஒத்துக்கொள்ளுகிறான். அடித்தால் ஜெயிக்கக்கூடியவன் அடிக்காமல் நகர்ந்தான். பிறகு அபிமெலேக்கு சமாதானம் பேச வந்தபோது, என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று நேராகக் கேட்டான். கேட்டுவிட்டு விருந்து வைத்தான். உண்மையையும் மறைக்கவில்லை, சாப்பாட்டையும் மறுக்கவில்லை. எலிசாவும் இதையே செய்தான். கையில் சிக்கின சீரியப் படையை வெட்டச் சொல்லாமல், சாப்பாடு போட்டு அனுப்பச் சொன்னான் (2 இராஜாக்கள் 6:22,23). அந்தக் கொள்ளைக் கூட்டங்கள் அதற்குப் பிறகு வரவில்லை என்று வேதம் சாட்சி சொல்லுகிறது.

இனி ஆவடி விசுவாசிகள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். விஜயந்தா முதல் அர்ஜுன் வரை டாங்கிகள் செய்த எச்.வி.எப். தொழிற்சாலை நம் பக்கத்தில் இருக்கிறது. இராணுவத்துக்குச் சீருடை தைக்கிற ஓ.சி.எப். இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற விசுவாசிகள் உண்டு. "டாங்கிக்கு போல்ட் முடுக்குற கை, ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரம்னு உயரலாமா ஐயா?"

நம்முடைய பெந்தெகொஸ்தே முன்னோர்கள் இந்தக் கேள்வியை லேசாக விடவில்லை. அசுசா தெருவில் 1906-ல் எழுப்புதல் அக்கினி விழுந்து பதினொரு வருஷத்துக்குள் முதல் உலக யுத்தத்தில் அமெரிக்காவும் இறங்கியது. அப்போது, 1917-ல், அசெம்பிளீஸ் ஆப் காட் சபையின் தலைவர்கள், மனுஷ உயிரை அழிக்கிற யுத்தத்தில் மனசாட்சிப்படி தங்களால் பங்கெடுக்க முடியாது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் டொனால்ட் ஜீ என்ற தேவமனிதர் போருக்குப் போக மறுத்துப் பண்ணையில் வேலை செய்தார். பின்பு 1967-ல் அதே அமெரிக்க சபை, இதை ஒவ்வொருவருடைய மனசாட்சிக்கும் விட்டுவிட்டது. அந்நிய பாஷை பேசினவர்கள் ஆயுதத்தைக் கண்டு தயங்கினார்கள் என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

அதேசமயம் யோவான் ஸ்நானகனிடம் வந்த போர்ச்சேவகரை அவன் வேலையை விடச் சொல்லவில்லை. ஒருவனுக்கும் கொடுமை செய்யாமல், சம்பளம் போதுமென்று இருக்கச் சொன்னான் (லூக்கா 3:14). நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் வீட்டில்தான் புறஜாதியார்மேல் ஆவியானவர் இறங்கினார். ஆகவே தொழிற்சாலைக்குப் போகிற சகோதரனை நான் நியாயந்தீர்க்கமாட்டேன். அவனுடைய மனசாட்சி தேவசமுகத்தில் விழித்திருக்கட்டும். ஆனால் ஒன்று சொல்லுவேன். யுத்தச் செய்தி வரும்போது கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கைதட்டாதீர்கள். அந்தப் பக்கத்திலும் ஒரு தாய் அழுகிறாள். இரண்டு பக்கத்துக்கும் ஜெபிக்க சபையைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

கடைசியாக, வீட்டு ஜெபக்கூட்டத்துக்குள் ஆட்கள் புகுந்து கலாட்டா பண்ணினால் என்ன செய்வது? பிலிப்பியில் பவுலும் சீலாவும் செய்ததைச் செய்வோம் (அப்போஸ்தலர் 16). அடிபட்டார்கள், பாடினார்கள். கதவு திறந்தும் ஓடவில்லை. தற்கொலை செய்யப்போன சிறைச்சாலைக்காரனைத் தடுத்து அவன் உயிரைக் காத்தார்கள். விடிந்ததும், விசாரிக்காமல் எங்களை அடித்த அதிகாரிகள் நேரில் வந்து எங்களை வெளியே விடட்டும் என்று தங்கள் உரிமையைக் கேட்டார்கள். நமக்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ம் பிரிவு உண்டு. புகார் எழுதிக் கொடுங்கள். ஆனால் வாலிபத் தம்பிமார்களே, கல்லுக்குக் கல் எடுக்காதீர்கள். அன்று பேதுரு வெட்டின காதை ஆண்டவர் தொட்டுச் சுகமாக்கினார். கைது செய்யப்படுகிற அந்த நேரத்திலும், தம்முடைய சொந்தச் சீஷன் உண்டாக்கின காயத்துக்கு அவர் மருந்து போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் அவருக்கு அந்த வேலையை வைக்காதிருப்போம்.

பிரியமானவர்களே, மறு கன்னத்தைக் குறித்த பிரசங்கம் அடி வாங்குகிறவர்களுக்கே இதுவரை அதிகமாய்ப் பிரசங்கிக்கப்பட்டது. அது முதலாவது கை ஓங்குகிறவனுக்கு உரியது. வீட்டில் பலத்தவன் யார்? கடையில் வேலைக்காரப் பையன்மேல் அதிகாரம் உள்ளவன் யார்? சபையில் மைக் பிடிக்கிறவன் யார்? உன் பலத்தை அடக்கு என்று ஆவியானவர் அவனோடு பேசுகிறார். அடி வாங்குகிறவர்களோடோ, நீ ஒண்டியாய் இல்லை என்று பேசுகிறார். அதை அவர் சபையின் வாயினால், சபையின் கைகளினால் சொல்ல விரும்புகிறார். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு சகோதரி பிள்ளையோடு வந்து கதவைத் தட்டினால், உள்ளே கூப்பிட்டு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். புத்திமதி காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

சமாதானத்தின் தேவன் தாமே நம் வீடுகளிலும் தெருக்களிலும் தேசத்திலும் தமது சமாதானத்தை நிலைநிறுத்துவாராக. ஆமென், அல்லேலூயா!